மரபுவரிசைக்கு ஊர் வேண்டும்

உயிரித் தரவுகளைக் கணினியில் கையாள்வோரிடையே ஒரு கருத்து விதியைப் போலவே வேரூன்றியிருக்கிறது. ஓர் உயிரியின் மரபுப்பொருளைப் படித்தெடுத்த எழுத்துத் தொடராகிய மரபுவரிசை மட்டுமே உண்மையான தரவு என்றும், அந்த வரிசை எந்தச் செடியிலிருந்து, எந்த ஊரில், எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் விவரக்குறிப்புகள் அதற்கு வெளியே நிற்கும் துணைச் செய்திகள் என்றும் அக்கருத்து கூறுகிறது. அதன்படி நிரலாளர் வரிசையை வெறும் எழுத்துச்சரமாக நினைவகத்தில் வைத்துக்கொண்டால் போதும். விவரங்கள் ஒரு விரிதாளில் தனியே இருக்கட்டும், தேவைப்படும் நாளில் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம்.

இக்கருத்து தவறானது. வேலையை எளிதாக்கும் சிறிய குறுக்குவழி என்று அதைப் பொறுத்துக்கொள்ளவும் இயலாது; ஏனெனில் எந்தக் கேள்விக்காக வரிசை படிக்கப்பட்டதோ அந்தக் கேள்விக்கான விடையையே அது அழித்துவிடுகிறது. விவரக்குறிப்பு வரிசையின் உறுப்பு. இரண்டும் நிரலில் ஒரே பொருளுக்குள் இருக்கவேண்டும். வரிசையை வெட்டினாலும் திருப்பினாலும் ஒட்டினாலும் அதன் பிறப்பிடம் உடன்வர வேண்டும். இந்த நிலைப்பாட்டுக்கான சான்று, தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் தேவாரத்துக்கும் போடிநாயக்கனூருக்கும் மேலே எழும் ஏலமலைச் சரிவுகளிலேயே கிடைக்கிறது.

ஏலச்செடியைத் தாக்கும் நோய்களில் மிகப் பரவலானது கட்டே எனப்படும் தேமல் நோய். இளம் இலையில் வெளிறிய சிறு கீற்றுகளாகத் தொடங்கி, நடுநரம்பிலிருந்து இலையோரம் வரை ஒன்றுக்கொன்று இணையான வெளிர்பச்சைக் கோடுகளாக நீண்டு, பின்னர் தண்டைச் சுற்றிய உறையிலும் படர்ந்து, தூரைக் குன்றவைத்துக் காய்ப்பை ஆண்டுக்காண்டு குறைத்துவிடும் இந்நோய்க்குக் காரணம் ஏலத் தேமல் வைரஸ். பொட்டிவிரிடே குடும்பத்தின் மக்ளூராவைரஸ் பேரினத்தைச் சேர்ந்த இதன் மரபுப்பொருள் எட்டாயிரத்துச் சொச்சம் எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை. தோட்டத்துக்குள் செடிக்குச் செடி இதைக் கடத்துவது அசுவினி. தோட்டம் விட்டுத் தோட்டம், மலை விட்டு மலை கடத்துவது நோயுற்ற தூரிலிருந்து கிழங்கோடு பெயர்த்து நடப்படும் கன்று. விதை வழியே இது பரவுவதில்லை. ஆகவே ஒரு தோட்டத்தில் கண்ட வைரஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர், அந்தத் தோட்டத்தின் கன்று எங்கிருந்து வந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

இந்த வைரஸின் பன்மையை ஆராய்ந்து, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு ஒன்று 2003ஆம் ஆண்டு ‘ஜர்னல் ஆஃப் பயோசயின்சஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலப் பகுதிகளிலிருந்து சேகரிக்கப்பட்ட 60 வைரஸ் மாதிரிகளை, அவை செடியில் காட்டிய அறிகுறிகளையும் தொற்றக்கூடிய செடியினங்களையும் கொண்டு 6 உட்குழுக்களாக அக்குழு பிரித்தது. அவற்றுள் 7 மாதிரிகளில், வைரஸின் புறவுறைப் புரதத்துக்கான மரபணுவையும் அதை அடுத்த இறுதிப் பகுதியையும் எழுத்தெழுத்தாகப் படித்தது. ஊருக்கு ஊர் வரிசை கணிசமாக வேறுபடுகிறது என்று கண்டு, அந்த வேறுபாட்டிலிருந்து தென்னிந்திய ஏலப் பகுதிக்குள் வைரஸ் எவ்வாறு நகர்ந்திருக்கும், இரு மாதிரிகளின் மரபுப்பொருள் கலந்து புதியது தோன்றியிருக்குமா என்பவற்றையும் விவாதித்தது.

இந்த முடிவுகளில் ஒன்றுகூட எழுத்துகளிலிருந்து மட்டும் பிறந்ததன்று. அந்த ஏழு வரிசைகளிலிருந்து சேகரித்த இடத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒன்றோடொன்று மாறுபடும் ஏழு எழுத்துத் தொடர்கள் மட்டுமே. அவை ஏன் மாறுபடுகின்றன என்ற கேள்விக்கு அதன்பின் விடை இல்லை: இடம் காரணமாக இருக்கலாம், காலம் காரணமாக இருக்கலாம், மலபார், மைசூர், வழுக்கை என்னும் ஏல வகைகளின் வேறுபாடு காரணமாக இருக்கலாம். அறிகுறியை நீக்கிவிட்டால் உட்குழுவும் போய்விடும். ‘நகர்வு’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதற்கே குறைந்தது இரண்டு இடங்களும் இரண்டு நாள்களும் வேண்டும். அவை நான்கும் விவரக்குறிப்பிலேயே உள்ளன.

‘எழுத்துகள் புறநிலை உண்மை, விவரங்கள் மனிதர் எழுதிச் சேர்த்தவை’ என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். எழுத்துகள் தம்மைத் தாமே விளக்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. ஆனால் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆன ஒரு குறுந்தொடர் கைக்குக் கிடைத்தால், அது டி.என்.ஏ.வா புரதமா என்பதைக்கூட அத்தொடரால் அறுதியாகச் சொல்ல முடியாது. புரதங்களின் அடிப்படை அலகுகளாகிய அமினோ அமிலங்களைக் குறிக்கும் எழுத்துகளிலும் அதே நான்கும் உள்ளன. அங்கே அவை அலனின், சிஸ்டைன், கிளைசின், திரியோனின் ஆகியவற்றைச் சுட்டும். ஏலத் தேமல் வைரஸின் மரபுப்பொருளோ ஆர்.என்.ஏ.; ஆர்.என்.ஏ.வில் டி என்ற எழுத்துக்கு இடமில்லை, அதற்குப் பதிலாக யு வரும். எனினும் பொதுத் தரவுத்தளங்களில் அத்தகைய வைரஸ்களின் வரிசைகள் டி எழுத்தோடுதான் பதிவாகின்றன. அது ஆர்.என்.ஏ. என்று அறிவிப்பது பதிவில் இருக்கும் மூலக்கூறு வகை என்ற விவரக்குறிப்பு.

பைத்தான் மொழியில் உயிரியல் வேலைகளுக்காக எழுதப்பட்ட பயோபைத்தான் தொகுப்பின் வரலாறே இதற்குச் சான்று. வரிசை எவ்வகை எழுத்துகளால் ஆனது என்பதைக் குறிக்க அதில் நெடுங்காலம் ‘ஆல்ஃபபெட்’ என்ற தனி ஏற்பாடு இருந்தது. 2020இல் வெளிவந்த 1.78ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டு, மூலக்கூறு வகை என்பது பதிவின் விவர அகராதிக்குள் ஓர் உருப்படியாகச் சென்றது. அதன்பின், அந்த விவரம் இல்லாத பதிவை ஜென்பேங்க் என்னும் பொதுத் தரவுத்தளத்தின் வடிவில் எழுதச் சொன்னால் நிரல் மறுத்துவிடுகிறது. எழுத்துகள் போதுமானவையாக இருந்தால் அந்த மறுப்புக்குத் தேவையே இருந்திராது.

எழுத்துகள் உறுதியானவை என்பதும் பாதி உண்மையே. வரிசைபடிக்கும் கருவி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நம்பகத்தன்மை மதிப்பெண் தருகிறது. ஃப்ரெட் என்று வழங்கும் அம்முறையில் மதிப்பெண் 20 என்றால் அவ்வெழுத்து தவறாக இருக்க 100இல் ஒரு வாய்ப்பு. 30 என்றால் 1,000இல் ஒரு வாய்ப்பு. இரண்டு தோட்டங்களின் வைரஸ்கள் ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடும்போது, அது உயிரியின் வேறுபாடா கருவியின் பிழையா என்று தீர்ப்பது இந்த எண்தான். அதை எறிந்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்பவர், ஐயத்தை எறிந்துவிட்டு முடிவை மட்டும் வைத்துக்கொள்கிறார்.

‘விவரங்களைத் தலைப்புவரியில் எழுதலாம், அல்லது விரிதாளில் வைத்துப் பின்னர் இணைக்கலாம்’ என்பது இரண்டாம் வாதம். தலைப்புவரி என்பது ஃபாஸ்டா வடிவத்தின் ஏற்பாடு. 1980களின் நடுவில் வரிசைகளை ஒப்பிடும் நிரல்களோடு தோன்றிய இவ்வடிவத்தில், ஒரு கோணக்குறிக்குப் பின் ஒரு வரித் தலைப்பும் அதன்கீழ் எழுத்துத் தொடரும் வரும். எளிமையே அதன் வலிமை. அவ்வெளிமையே இங்கு அதன் குறையும்கூட. அத்தலைப்பில் எது ஊர், எது நாள், எது செடி என்று பிரித்துச் சொல்லும் விதி எதுவும் இல்லை. ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதிரிகளுக்கு ‘போடி மெட்டு’, ‘போடி புலியூத்து’, ‘போடி குரங்கணி’ என்று தலைப்பிட்டிருப்பதாகக் கொள்வோம். பயோபைத்தான் தலைப்பின் முதல் இடைவெளி வரை உள்ள பகுதியை மட்டுமே வரிசையின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே மூன்று மாதிரிகளின் அடையாளமும் ‘போடி’ என்றே ஆகிவிடும். அடையாளத்தைத் திறவுகோலாகக் கொண்டு விரிதாளோடு இணைக்கப்போகும் நிரலுக்கு அப்போது மூன்று கதவுகளும் ஒரே கதவு.

விரிதாளின் நம்பகத்தன்மையும் அறிந்ததே. எக்செல் நிரல் சில மரபணுப் பெயர்களைத் தேதிகளாகத் தானே மாற்றிவிடுவதால், மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அப்பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் மனித மரபணுப் பெயர்க் குழு, நிரலைத் திருத்துவதற்குக் காத்திராமல், செப்டின், மார்ச் வரிசையிலான மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றி அறிவித்தது. வரிசைகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட விவரம் ஆளறியாமல் கெடக்கூடியது என்பதற்கு இதைவிடப் பெரிய ஒப்புதல் தேவையில்லை. இணைப்பு நாள் வரும்போது விரிதாளைத் தயாரித்தவர் பட்டம் பெற்றுப் போயிருப்பார். ‘இறுதி’ என்று பெயர் முடியும் கோப்புகள் மூன்று இருக்கும்.

மூன்றாவது வாதம் நுட்பமானது, மதிப்போடு எதிர்கொள்ள வேண்டியது. வரிசையையும் விவரத்தையும் ஒரே பொருளில் வைக்கும் ஏற்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றன, ஆகவே சிக்கல் தீர்ந்துவிட்டது என்பார் சிலர். பயோபைத்தானின் சீக்ரெக்கார்டு என்ற பொருள் அத்தகையது: அதில் எழுத்துத் தொடர், அடையாளம், பெயர், விளக்கம், முழு வரிசைக்குமான விவர அகராதி, வரிசையின் குறிப்பிட்ட பகுதிகளைச் சுட்டும் அம்சங்களின் பட்டியல், எழுத்துக்கு எழுத்து வரும் மதிப்பெண்கள் ஆகிய அனைத்துக்கும் இடம் உண்டு. ஆனால் இடம் இருப்பதும், இருந்தது நிலைப்பதும் ஒன்றல்ல. ஏலத் தேமல் வைரஸின் முழு வரிசையை ஜென்பேங்க் பதிவாகப் படித்து, அதிலிருந்து புறவுறைப் புரத மரபணு உள்ள இறுதிப் பகுதியை மட்டும் வெட்டியெடுப்பதாகக் கொள்வோம்; 2003ஆம் ஆண்டு ஆய்வு படித்த பகுதியும் அதுவே என்பதால், பழைய வரிசைகளோடு புதியதை ஒப்பிட விரும்பும் எவரும் செய்யவேண்டிய முதல் வேலை இது.

ஜென்பேங்க் பதிவில் சேகரித்த இடம், நாள், தொற்றிய செடி ஆகியவை ‘மூலம்’ என்ற அம்சத்துக்குள் உள்ளன. அந்த அம்சம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை முழு வரிசையையும் தழுவியது. சீக்ரெக்கார்டை வெட்டும்போது, வெட்டிய பகுதிக்குள் முழுமையாக அடங்கும் அம்சங்கள் மட்டுமே புதிய பொருளுக்கு மாறுகின்றன. முழு வரிசையையும் தழுவிய மூலம் எந்தத் துண்டுக்குள்ளும் அடங்காது என்பதால், அது ஒவ்வொரு வெட்டிலும் உதிர்ந்துவிடுகிறது. விவர அகராதியும், மூலக்கூறு வகை நீங்கலாக, துண்டுக்குப் பொருந்தாமல் போகக்கூடும் என்ற காரணத்தால் கைவிடப்படுகிறது. எழுத்து மதிப்பெண்களுக்கோ கடும் காவல்: அவற்றின் எண்ணிக்கை வரிசையின் நீளத்தோடு ஒன்றேனும் வேறுபட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஊரும் நாளும் செடியும் மறையும்போது ஓர் எச்சரிக்கையும் எழுவதில்லை.

இந்த நடத்தையை ஆவணம் வெளிப்படையாகவே சொல்லியிருப்பதால் தொகுப்பை உருவாக்கியோர் மீது குறைசொல்ல இடமில்லை. மறுக்கப்பட வேண்டியது அதன் அடியில் உள்ள முன்முடிவு. முழு வரிசைக்குரிய விவரம் துண்டுக்குப் பொருந்தாது என்பது நீளம் போன்றவற்றுக்கு மட்டுமே உண்மை. ஏலமலையில் உள்ள உடும்பன்சோலையில் ஒரு தூரிலிருந்து எடுத்த வைரஸின் கடைசி ஆயிரம் எழுத்துகளும் உடும்பன்சோலையில் அதே தூரிலிருந்து எடுத்தவைதாம். ஆகவே விவரக்குறிப்பை மூன்றாகப் பிரிப்பதே முறை: மாதிரிக்குரியது, பகுதிக்குரியது, எழுத்துக்குரியது. முதலாவது எந்தத் துண்டுக்கும் குறைவின்றிச் செல்லவேண்டும். இரண்டாவது இடம் திருத்தப்பட்டுச் செல்லவேண்டும். மூன்றாவது எழுத்தோடு சேர்ந்து வெட்டப்பட வேண்டும். பைத்தானின் மற்றொரு தொகுப்பான சைகிட்-பயோ, வரிசைப் பொருளுக்குள் இம்மூன்றுக்கும் தனித்தனி அறைகள் வைத்திருக்கிறது. அதில் வரிசையை வெட்டினால் முழு வரிசைக்குரிய விவரம் துண்டோடு செல்கிறது, எழுத்துக்குரிய பட்டியல் அதே அளவில் வெட்டப்படுகிறது. எதிர்த்தரப்பு இயலாது என்று கருதுவது இவ்வளவில் ஏற்கெனவே இயன்றிருக்கிறது.

ஆனால் அறை கொடுத்துவிட்டு, அதில் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம் என்று விடுவதும் போதாது. கட்டற்ற அகராதியில் ஒருவர் ‘செடி’ என்றும் மற்றொருவர் ‘பயிர்’ என்றும் தலைப்பிடுவார். ஒருவர் ‘ஏலக்காய்’ என்று எழுதுவார், மற்றொருவர் ‘எலெட்டேரியா கார்டமோமம்’ என்ற அறிவியல் பெயரை எழுதுவார். ‘ஏலக்காய்’ என்ற பொதுப்பெயர் இங்கே பாதிப்பற்றதன்று. சிக்கிமில் விளையும் பெரிய ஏலக்காய் வேறொரு செடி. அதைத் தாக்கும் சிர்க்கே நோயின் வைரஸும் இதே மக்ளூராவைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. பொதுப்பெயரோடு பதிவான வரிசை, இரு செடிகளையும் இரு வைரஸ்களையும் ஒரே பட்டியலில் கலந்துவிடும்.

ஊர்ப்பெயரில் சிக்கல் இன்னும் ஆழமானது. தேவாரம், கோம்பை, போடி ஆகிய அடிவார ஊர்களில் வீடும், மலைமேல் உடும்பன்சோலை வட்டத்தில் தோட்டமும் கொண்டிருப்போர் பலர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல விற்பனை போடியிலும் புற்றடியிலும் நடப்பதால், கேரள எல்லைக்குள் விளைந்த காயும் போடிச் சந்தையின் பெயரால் அறியப்படுகிறது. அடிவாரத்தில் ஒப்படைக்கப்பட்ட நோயிலைக்கு ‘போடிநாயக்கனூர், தமிழ்நாடு’ என்று சீட்டு ஒட்டினால், அது இலை கைமாறிய இடத்தைச் சொல்லுமே தவிர, இலை பறித்த இடத்தைச் சொல்லாது. போடி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏலம் பொதுவாக 600 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த, நிழலான காட்டில் விளைவது. மாவட்ட எல்லைகளும் நிலையானவையல்ல: தேனி 1990களில் மதுரையிலிருந்து பிரிந்தது, இடுக்கி 1972இல் உருவானது. எனவே ஊர்ப்பெயரோடு அகலாங்கும் நெட்டாங்கும் உயரமும் தனித்தனி அறைகளில் வேண்டும். ஏலம் விளையாத உயரத்தில் ஏலத் தேமல் வைரஸ் சேகரிக்கப்பட்டதாகப் பதிவு வந்தால், நிரல் அதை நிறுத்தி விளக்கம் கேட்கவேண்டும். விவரம் பொருளுக்குள் இருந்தால்தான் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே வழியுண்டு. விரிதாளில் உறங்கும் விவரத்தை எந்த நிரலும் விசாரிப்பதில்லை.

நினைவகச் செலவைக் காட்டிச் சொல்லப்படும் எதிர்ப்பில் ஓரளவு நியாயம் உண்டு. எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதுமான இடத்தில், 150 எழுத்துத் துண்டுகள் கோடிக்கணக்கில் வரும்போது ஒவ்வொன்றோடும் ஊரும் நாளும் எழுதிவைப்பது வீண்தான். ஆனால் அவ்வாறு எழுதவேண்டிய கட்டாயமே இல்லை. பைத்தானில் ஒரு பொருள் மற்றொன்றைச் சுட்டி நிற்க முடியும். ஒரு மாதிரியின் விவரத்தை ஒருமுறை மட்டும் மாற்றவியலாத பொருளாக வைத்து, அம்மாதிரியிலிருந்து வந்த கோடித் துண்டுகளும் அதையே சுட்டும்படி செய்தால் செலவு ஒரு சுட்டியளவே. மாற்றவியலாதது என்ற நிபந்தனை முக்கியமானது. சாதாரண அகராதியைப் பகிர்ந்துகொண்டால், ஒரு துண்டில் செய்த திருத்தம் எல்லாத் துண்டுகளிலும் நுழைந்துவிடும்.

தோட்டத்தின் துல்லிய இடத்தைப் பதிவில் வைத்தால், ‘நோயுள்ள தோட்டம்’ என்ற பெயர் பரவி, கன்று விற்பவருக்கு இழப்பு நேரும் என்ற அச்சமும் உண்மையானது. அதற்கு மருந்து விவரத்தை அழிப்பதன்று. சேமிப்பது வேறு, வெளியிடுவது வேறு. உலகின் மூன்று பெரும் பொதுத் தரவுத்தளங்களான ஜென்பேங்க், ஐரோப்பியக் களஞ்சியம், ஜப்பானியக் களஞ்சியம் ஆகியவற்றின் கூட்டமைப்பு, 2023 முதல் புதிய பதிவுகளுக்குச் சேகரித்த நாட்டையும் நாளையும் கட்டாயமாக்கியபோது, விவரம் இல்லாத நிலைக்கும் வரையறுத்த சொற்களை ஏற்படுத்தியது: சேகரிக்கப்படவில்லை, தரப்படவில்லை, அணுகல் கட்டுப்படுத்தப்பட்டது என்பன அவற்றுள் சில. வெற்றிடம் எதையும் சொல்லாது. காரணத்தோடு எழுதப்பட்ட இன்மை ஒரு தகவல். நிரலும் அவ்வாறே வெற்று விவரத்தோடு வரிசையை உருவாக்க மறுத்து, இன்மைக்கான காரணத்தையாவது கேட்டுப் பெறவேண்டும்.

அறிவியலோடு நீதியும் இதில் அடங்கியிருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், உயிர்வளத்திலிருந்து கிடைக்கும் பயனில் அதைக் காத்தவர்களுக்கும் பங்கு உண்டு என்ற கொள்கையின் மேல் நிற்கிறது. அதைச் செயற்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது. கட்டே நோயைத் தாங்கும் ஒரு தூர் எந்தச் சரிவில் நின்றது, எத்தனை தலைமுறைத் தேர்வினால் அது அங்கே எஞ்சியது என்பது பதிவில் இல்லாவிட்டால், அந்த வரிசையிலிருந்து நாளை ஒரு புதிய வகை உருவாகும்போது அச்சரிவின் மக்கள் எதைக் காட்டி உரிமை கோருவார்கள்? ஊர் நீக்கப்பட்ட வரிசை அனைவருக்கும் பொதுவானதாகத் தோன்றினாலும், நடைமுறையில் அது கருவியும் முதலீடும் உள்ளவருக்கே சொந்தமாகிறது.

ஆகவே நிரலாளரிடம் வைக்கவேண்டிய கோரிக்கை தெளிவானது. வரிசையை ஏற்கும் பொருள், மாதிரியின் இடம், நாள், செடி, வகை, கன்றின் தோற்றம் ஆகியவற்றுக்குப் பெயரிட்ட அறைகளோடு பிறக்கட்டும்; அவை நிரம்பாதபோது காரணம் கேட்கட்டும்; எத்தனை முறை வெட்டினாலும் அவற்றைக் கைவிடாதிருக்கட்டும்; கைவிட நேர்ந்தால் உரக்கச் சொல்லட்டும். இதற்குப் புதிய மொழியோ பெரிய கருவியோ தேவையில்லை. இன்றுள்ள பைத்தான் தொகுப்புகளின்மேல் சில நூறு வரிகள் எழுதினால் போதும். எழுத்துகளைப் படிக்கும் கருவி ஆண்டுதோறும் மலிவாகிவருவதால், தொலைந்த எழுத்துகளை மீண்டும் படித்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட சரிவில் நோயுற்று நின்ற தூரை மீண்டும் சென்று பார்க்க எவராலும் முடியாது. மீட்கவியலாத அந்தப் பகுதியைத்தான் நடைமுறையிலுள்ள கருத்து துணைச் செய்தி என்று ஒதுக்கிவைத்திருக்கிறது.